தீ அணைந்தால் போதுமா?

ஆய்வுக்கூடத்தின் வாயிலில் சிவப்பு உருளை ஒன்று தொங்குகிறது. நாள்தோறும் அதைக் கடந்து செல்கிறோம். அதனுள் இருப்பது யாது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கேட்டே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கார்பன் டெட்ராகுளோரைடைத் தீயின்மேல் பீய்ச்சினார்கள். தீ அணைந்தது, ஆனால் சூடேறிய அத்திரவத்திலிருந்து பாஸ்ஜீன் கிளம்பிற்று. முதல் உலகப் போரில் வீரர்களை மாய்த்த நச்சுக்காற்று அது! பின்னர் ஹாலன்கள் வந்தன. அவற்றிலுள்ள புரோமின் தீயின் தொடர்வினையை அறுத்தது. பொருள் நனையவில்லை; கறை படியவில்லை. உலகம் மகிழ்ந்தது. ஆயின், ஹாலன் 1301 பல பத்தாண்டுகள் சிதையாமல் நின்று வான்மேல் ஏறிற்று. கீழே தீயை வென்ற அதே புரோமின், மேலே ஓசோன் படலத்தை அரித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்!

1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. வளர்ந்த நாடுகளுக்கு 1994 முதலும், நம் போன்ற நாடுகளுக்கு 2010 முதலும் ஹாலன் உற்பத்தி விலக்கப்பட்டது. மாற்றாக வந்த எச்.எஃப்.சி. 227இஏ ஓசோனைத் தொடாது, மெய்தான். ஆனால் நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 3,000 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடேற்றும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் மீண்டும் கூட நேர்ந்தது.

ஒவ்வொரு முறையும் முன்னதன் குற்றம் இதில் உண்டா என்று மட்டுமே பார்த்தோம். புதிய குற்றத்தைத் தேடவில்லை. அணைத்தபின் அப்பொருள் எங்கே போகிறது, எதுவாக மாறுகிறது, எத்தனை காலம் தங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பிறகே அது உருளைக்குள் புகவேண்டும்.

“வீடு பற்றி எரிகையில் வானத்தைப் பற்றிக் கவலையா?” என்பார் சிலர். எரிகையில் கவலைப்படச் சொல்லவில்லை. வாங்குகையில் எண்ணுங்கள் என்கிறேன். மரத்துக்கும் காகிதத்துக்கும் தண்ணீர் போதும். மின்கருவிக்குக் கரியமில வாயு உண்டு. பூட்டிய பொறியறைக்கு, ஆட்கள் வெளியேறியபின், நைட்ரஜனும் ஆர்கானும் உதவும். இவை இயற்கையில் உள்ளவை. இவை எட்டாத இடத்துக்கு, விமான எஞ்சின் போன்றவற்றுக்கு, புதிய சேர்மம் தேடுவோம். அங்கேதான் வேதியியல் மாணவருக்கு உண்மையான வேலை காத்திருக்கிறது.

நண்பர்களே! நாளை அச்சிவப்பு உருளையின் முன் ஒரு நிமிடம் நின்று, அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். புரியவில்லையென்றால் கேளுங்கள். கேட்பதுதானே விஞ்ஞானம்!