விலை இறங்கும்போதே பருப்பை வாங்கி வையுங்கள்

மாண்புமிகு தமிழக உணவுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

கருமத்தம்பட்டியிலிருந்து, மாதாமாதம் மளிகைச் சீட்டு எழுதும் குடும்பத் தலைவி ஒருத்தி எழுதுகிறேன்.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரில் காய்கறி விலை மட்டும் 42 சதவீதம் ஏறியிருந்தது. அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் எந்த விலையும் குறைவாகத்தான் தெரியும். தக்காளியும் வெங்காயமும் இறங்கின, உண்மை. ஆனால் அதே 2025-இல் தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றத்தில், தென்னை வளரும் இந்தக் கொங்கு மண்ணிலேயே தாளிக்கும் கை சுருங்கியது.

வருமானமும் விலையோடு கூடவே ஏறுவதில்லை. கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சோமனூர் வட்டார விசைத்தறிகள் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடவில்லை. தறியை நம்பிய வீடுகளில் மளிகைக் கணக்கு ரேஷன் கடையிலிருந்தே தொடங்குகிறது. அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல், பாமாயிலும் அப்படியே. இரண்டும் கிடைத்தால் மாதம் சுமார் நூற்றைம்பது ரூபாய் மிச்சம். எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் இந்தப் பருப்பில்தான் வேகிறது.

விலைவாசி ஏறியதால் 2007-இல் வந்தது, பருப்பும் பாமாயிலும் தரும் இந்தச் சிறப்புப் பொது விநியோகத் திட்டம். அப்போது உளுத்தம் பருப்பும் இருந்தது. பிறகு அது நின்றுபோனது. 2024 மே மாதப் பருப்பும் பாமாயிலும் பலருக்கு ஜூனில்தான் கிடைத்தன. விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ள அரசு அனுமதித்தது நல்லதுதான். ஆனால் அடுத்த மாதம் வரும் பருப்பை வைத்து இந்த மாதம் குழம்பு கூட்ட முடியாதே! அதுவரை அண்ணாச்சி கடைப் பற்றுதான் ஏறியது.

பணவீக்கம் தணிந்துவிட்டது, இனி இந்தத் திட்டம் எதற்கு என்று யாராவது கோப்பில் எழுதக்கூடும். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். விலை இறங்கியிருக்கும்போது கொள்முதல் செய்தால் அரசுக்குச் செலவு குறைவு. மூன்று மாத இருப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். விலை ஏறிய பிறகு டெண்டர் விட்டால் கருவூலத்துக்கும் நட்டம், எங்களுக்கும் காத்திருப்பு.

ஆகவே மூன்று கோரிக்கைகள். அவ்வப்போது நீட்டிக்கும் நிலையை விட்டு, இதை நிரந்தரத் திட்டமாக அறிவியுங்கள். மாதத்தின் முதல் வாரத்திலேயே பருப்பும் எண்ணெயும் கடையில் இருக்கட்டும். இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தை மறுபடியும் பட்டியலில் சேருங்கள்.

இப்படிக்கு,
கருமத்தம்பட்டி குடும்ப அட்டைதாரர் ஒருவர்