குறைந்த கம்பி கடக்கும் இடம்

வீட்டில் செய்யப்படும் ஆர்கேட் பெட்டி என்பது, முன்னர் விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு நின்றபடி விளையாடப்பட்ட வீடியோ கேம் இயந்திரத்தின் வடிவத்தில் மரப்பலகையால் அமைக்கப்பட்டு, உள்ளே ஒரு சிறு கணினியையும் முன்னே ஒரு திரையையும் கைகள் படும் இடத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையையும் கொண்ட பெட்டியாகும். கொழும்பில் வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கை வீடுகளிலும் இவ்வகைப் பெட்டி ஒன்றுக்கு இடம் ஒதுக்குவதே பெரிய காரியம் என்பதால், இரண்டாவது பெட்டியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரே பெட்டியில் எல்லா விளையாட்டுகளையும் அவற்றுக்கு உரிய கைப்பிடியோடு விளையாட வேண்டுமென்றால், கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றி இன்னொன்றை மாட்டக்கூடிய ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டின் கடினம் தச்சு வேலையைவிடக் கம்பி வேலையிலேயே அதிகம் இருக்கிறது.

ஒவ்வொரு விளையாட்டும் எவ்வளவு வேறுபட்ட கைப்பிடியைக் கேட்கிறது என்பதைச் சில பழைய பெயர்களே காட்டும். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் விளையாட்டுக்கு நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஒரு ஜோய்ஸ்டிக் போதும், அடிப்பதற்குப் பொத்தான் எதுவும் தேவையில்லை. அதனை எட்டுத் திசை ஜோய்ஸ்டிக்கில் விளையாடினால், மூலைவிட்டமாகச் சாயும்போது இரண்டு திசைகளின் சுவிட்ச்சுகளும் ஒன்றாக அழுந்தி, திருப்பங்களில் உருவம் கை நினைத்த பக்கம் போகாமல் விடுகிறது. அதே ஆண்டில் அட்டாரி வெளியிட்ட மிசைல் கமாண்ட், உள்ளங்கையால் உருட்டப்படும் பந்தை, அதாவது டிராக்போலை, நம்பி அமைக்கப்பட்டது. 1986இல் தைட்டோ வெளியிட்ட ஆர்கனாய்டுக்கு, முடிவில்லாமல் சுழலும் ஒரு குமிழ் தேவை. 1991இல் கெப்கொம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஆளுக்கு எட்டுத் திசை ஜோய்ஸ்டிக் ஒன்றையும் ஆறு பொத்தான்களையும் கேட்டது. இவை அனைத்தையும் ஒரே பலகையில் அடுக்கியவர்களும் இருக்கிறார்கள். அப்படி அடுக்கப்பட்ட பலகையில் மணிக்கட்டை வைக்க இடமிருப்பதில்லை, பந்தை உருட்டும் கை பொத்தானில் போய் மோதுகிறது. எந்த விளையாட்டுக்கும் அது முழுமையாகப் பொருந்துவதில்லை.

கழற்றி மாட்டும் எண்ணம் இத்துறைக்குப் புதியது அல்ல. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மின்சுற்றுப் பலகையின் இணைப்புகளைத் தன் விருப்பப்படி அமைத்ததால், விளையாட்டுக் கூடம் நடத்தியவர் பழைய விளையாட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட விரும்பினால், பெட்டிக்குள் கம்பிகளை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டும் வகையில், ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985இல் ஒரு பொது இணைப்பு முறையை வகுத்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஜாமா என்று அழைக்கப்படுகிறது. பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பியின் வழியாக மின்வழங்கல், திரைக்கான நிறச் சமிக்ஞைகள், ஒலி, காசு விழுந்த செய்தி, இரு ஆட்டக்காரர்களின் ஜோய்ஸ்டிக்குகள், பொத்தான்கள் ஆகிய யாவும் சென்றன. பழைய விளையாட்டின் மின்சுற்றுப் பலகையை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும் என்ற நிலை உருவானது. ஆயினும் இந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது: ஜாமா முறை ஆளுக்கு ஒரு ஜோய்ஸ்டிக்கையும் மூன்று பொத்தான்களையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டதால், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது, உதைக்கும் பொத்தான்களுக்கென ஜாமாவுக்கு வெளியே தனியாக ஒரு கம்பிக் கட்டு இழுக்கப்பட்டது. ஜாமா முறையில் பொதுவாக மாறாமல் நின்றது கைப்பக்கம், மாறியது விளையாட்டு. வீட்டுப் பெட்டியில் இது தலைகீழாகிறது. 1997இல் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம் என்ற மென்பொருள், பழைய இயந்திரங்களின் மின்சுற்றுகளைக் கணினிக்குள் போலச் செய்து காட்டும் ஆற்றல் பெற்றிருப்பதால், விளையாட்டை மாற்ற எதையும் உருவ வேண்டியதில்லை. மாற வேண்டியது கைப்பக்கம் மட்டுமே.

இனி எழும் கேள்வி, பலகைக்கும் பெட்டிக்கும் இடையில் எந்த இடத்தில் கம்பியை வெட்டிப் பிளக் போடுவது என்பதாகும். ஜோய்ஸ்டிக்கும் பொத்தானும் உள்ளுக்குள் வெறும் சுவிட்ச்சுகளே: அழுத்தும்போது ஒரு கம்பி இன்னொன்றைத் தொடுகிறது, விட்டதும் பிரிகிறது. ஒவ்வொரு சுவிட்ச்சின் ஒரு முனையும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கம்பியில் சேர்க்கப்படுகிறது, மறுமுனை தனிக்கம்பியாக என்கோடருக்குச் செல்கிறது. என்கோடர் என்பது, எந்தச் சுவிட்ச் அழுந்தியது என்பதைக் கண்டறிந்து, அதனைக் கணினி அறியும் விசைப்பலகை எழுத்தாகவோ கேம்பேட் சமிக்ஞையாகவோ மாற்றி அனுப்பும் சிறு சுற்றாகும். என்கோடரைப் பெட்டிக்குள் ஒன்றாக வைத்து, பலகைகளை வெறும் சுவிட்ச்சுகளோடு விடுவது பலரும் முதலில் நினைக்கும் வழி. அவ்வழியில் ஓர் ஆட்டக்காரருக்கு நான்கு திசைகள், ஆறு பொத்தான்கள், தொடங்கும் பொத்தான் ஒன்று, காசுப் பொத்தான் ஒன்று என 12 கம்பிகள், இருவருக்கு 24, பொதுக்கம்பியோடு 25. பழைய கணினிகளில் பிரின்டருக்காக இருந்த டிபி-25 என்ற இணைப்பியில் சரியாக 25 முனைகள் இருப்பதைக் காணும்போது வரும் மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்தப் பொருத்தமே ஆபத்தும் ஆகிறது, ஏனெனில் பொதுக்கம்பிக்கு ஒரேயொரு முனைதான் எஞ்சுகிறது, அது பழுதானால் பலகை முழுவதும் ஊமையாகும். டிராக்போலுக்குத் தேவையான 5 வோல்ற் வழங்கலுக்கோ அதன் சமிக்ஞைக் கம்பிகளுக்கோ முனை எதுவும் மிஞ்சுவதில்லை.

கொழும்பில் இந்த வழிக்கு எதிரான வலுவான காரணம் கடல். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள வீடுகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் ஜன்னல் கம்பியிலும் கதவுக் கீலிலும் படிவதை அங்கு வாழ்வோர் நன்கறிவர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையும் அதற்கு விலக்கல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத் தொடுமுனைகளின் மேல் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. வீட்டு விளக்குச் சுவிட்ச்சில் இப்படலம் பெரிய இடையூறு செய்வதில்லை, ஏனெனில் அங்கே பாயும் ஓட்டமும் வோல்ற்றளவும் அதனை உடைத்துக்கொண்டு போகப் போதுமானவை. என்கோடரின் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகையை என்கோடராகப் பயன்படுத்தினால், அதன் உள்ளே அமைந்த இழுப்புத் தடையி, அதாவது சுவிட்ச் திறந்திருக்கும் நேரத்தில் கம்பியை 3.3 வோல்ற்றில் பிடித்து வைக்கும் தடையி, ஏறத்தாழ 50 முதல் 80 கிலோஓம் வரை இருப்பதால், சுவிட்ச் மூடும்போது பாய்வது 0.05 மில்லியாம்பியர் அளவான ஓட்டமே. இவ்வளவு மெலிந்த ஓட்டம் படலத்தை உடைக்காது. புதிதாக இருந்தபோது நன்றாக வேலை செய்த பொத்தான் சில மாதங்களில் மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை மட்டும் கேட்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சுவிட்ச்சின் மேல் 5 ஆம்பியர், 250 வோல்ற் என்று அச்சிடப்பட்டிருப்பதைத் தரத்தின் அடையாளமாகக் கொண்டு வாங்குவது இங்கே பயனற்றது: பெரிய ஓட்டத்துக்கென வெள்ளித் தொடுமுனையோடு செய்யப்பட்ட சுவிட்ச்சை விட, சிறிய ஓட்டத்துக்கெனப் பொன்முலாம் பூசிய தொடுமுனை கொண்டதே இந்த வேலைக்கு உகந்தது. அத்தகையது கிடைக்காவிட்டால், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வெளியே ஒரு 1 கிலோஓம் தடையியைச் சேர்த்து ஓட்டத்தை 3 மில்லியாம்பியருக்குச் சற்று மேலாக உயர்த்தலாம். மிகச் சிறிய செலவில் பெரிய பலன் தரும் வேலை இது.

சுவிட்ச்சுக்கே இந்த நிலை என்றால், 25 முனை கொண்ட இணைப்பி ஒன்று பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் வந்து உட்காரும்போது, ஒவ்வொரு கம்பியின் வழியிலும் மேலும் ஒரு தொடுமுனை, அதாவது உப்புக் காற்றுக்கு மேலும் ஓர் இரை, சேர்கிறது. ஆகவே பலகையைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் கோடு, மிகக் குறைவான கம்பிகள் கடக்கும் இடத்திலேயே விழ வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் அதற்கே உரிய என்கோடரைப் பொருத்திவிட்டால், எல்லையைக் கடப்பவை யூஎஸ்பி கேபிளின் நான்கு கம்பிகள் மட்டுமே: 5 வோல்ற், பொதுக்கம்பி, தரவுக்கு இரண்டு. டிராக்போல் பலகையின் உள்ளே எத்தனை சமிக்ஞைக் கம்பிகள் ஓடினாலும் பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, கணினிக்கு அது ஒரு மௌஸாகவே தெரிகிறது. யூஎஸ்பியின் வழங்கல் முனைகள் தரவு முனைகளைவிடச் சற்று நீளமாக அமைந்து முதலில் தொடுவதால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையை மாற்றவும் முடிகிறது. பிரின்டருக்குப் போடும் சதுர வாய் கொண்ட யூஎஸ்பி-பி வகை, கைபேசிக் கேபிள்களின் மெல்லிய வாயைவிட உறுதியானது. சாதாரண யூஎஸ்பி-ஏ, பி இணைப்பிகள் 1,500 முறை செருகி எடுப்பதைத் தாங்கும்படி வகுக்கப்பட்டவை, வாரம் இரண்டு முறை பலகை மாற்றும் வீட்டுக்குப் பத்தாண்டுக்கு மேல் அது போதும். பலகைக்கு ஓர் என்கோடர் என்பது கூடுதல் செலவு என்ற வாதம், என்கோடர்கள் விலை உயர்ந்திருந்த காலத்தில் பொருந்தியது. 26 உள்ளீட்டு முனைகளோடு வெளிவந்த பிக்கோவின் அறிமுக விலையே 4 அமெரிக்க டொலர்தான், இருவருக்குத் தேவையான 24 சுவிட்ச்சுகளும் அதற்குள் அடங்குகின்றன.

இந்த வழியிலும் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஆட்டக்காரர் இருவருக்கும் தனித்தனி கேம்பேட் என்கோடர்களைப் பொருத்தினால், கணினி அவற்றை எந்த வரிசையில் கண்டுகொள்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறக்கூடும், முதலாமவரின் ஜோய்ஸ்டிக் இரண்டாமவருக்கு உரியதாகிவிடும். இருவரின் சுவிட்ச்சுகளையும் விசைப்பலகையாகத் தோன்றும் ஒரே என்கோடரில் சேர்ப்பது இதற்கு மிக எளிய தீர்வு, ஏனெனில் மேம் மென்பொருளில் 1 என்ற விசை முதலாமவரின் தொடக்கப் பொத்தான், 5 என்ற விசை அவருடைய காசு என்று முன்னரே நிலைபெற்றுள்ளன. அடுத்தது, யூஎஸ்பி விசைப்பலகையின் அடிப்படை முறை ஒரே வேளையில் ஆறு சாதாரண விசைகளை மட்டுமே அறிவிக்கும் என்பதால், இருவர் மும்முரமாகச் சண்டையிடும்போது ஏழாவது அழுத்தம் காணாமல் போகும். எத்தனை விசைகளையும் ஒன்றாக அறிவிக்கும்படி எழுதப்பட்ட மென்பொருளை என்கோடரில் ஏற்ற வேண்டும்.

பொதுவான இணைப்பி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இலங்கையர் தம் வீட்டுச் சுவரிலேயே கண்டவர்கள். பிரித்தானியர் காலத்து 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டை முனைப் பிளக்குகளும் 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்குகளும் ஒரே வீட்டில் கலந்து கிடக்க, இடையில் மாட்டும் தளர்ந்த அடப்டர்களில் பொறி பறந்து பிளாஸ்டிக் கருகுவது வழக்கமாக இருந்தது. கடைசியில் சதுர முனை தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. வீட்டுப் பெட்டிக்கும் இதே ஒழுக்கம் தேவை: எல்லாப் பலகைகளுக்கும் ஒரே அளவு, ஒரே பூட்டு, ஒரே இடத்தில் ஒரே இணைப்பி.

பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்பொருட் கடைகளும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளும், வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையும் சேர்ந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். சன்வா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஜோய்ஸ்டிக்கை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். வாகன வயரிங்குக்குப் பயன்படும் செருகு முனைகள் இங்கே மிகவும் உதவுகின்றன, ஏனெனில் பொத்தானின் காலில் நேரடியாக ஈயம் ஒட்டினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடுவதோடு, பழுதான பொத்தானை மாற்றும்போது மீண்டும் ஈயத்தை உருக்க வேண்டியும் வரும். வாங்கும் முன் அகலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஜப்பானிய வகைப் பொத்தான்களின் கால் 2.8 மில்லிமீட்டர், அமெரிக்க வகை மைக்ரோ சுவிட்ச்சின் கால் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர்.

கம்பி கட்டும் வேலையில் பொதுக்கம்பிக்குத் தனி மரியாதை உண்டு. அது ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்வதால், நடுவில் ஒரு முனை கழன்றால் அதற்கு அப்பாலுள்ள எல்லாப் பொத்தான்களும் ஒன்றாகச் செத்துப்போகும். கடைசிப் பொத்தானிலிருந்து இன்னொரு துண்டை என்கோடருக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக மூடிவிட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்க வழியாக இணைப்பு உயிரோடிருக்கும். பொதுக்கம்பிக்குக் கறுப்பு, திசைகளுக்கு ஒரு நிறம், பொத்தான்களுக்கு இன்னொரு நிறம் என வகுத்து, எந்த நிறம் எந்த முனைக்குப் போகிறது என்ற அட்டவணையைப் பலகையின் அடிப்புறத்திலேயே ஒட்டி வைப்பவர், ஐந்தாண்டு கழித்துப் பழுது பார்க்கப்போகும் எவருக்கும் உதவி செய்தவராவார். பலகையை முழுவதும் தூக்கித் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு யூஎஸ்பி கேபிளில் நீளம் விட்டு, இழுபடும் விசை இணைப்பியில் விழாதபடி கேபிளை மரத்தில் ஒரு பிடியால் இறுக்கிவிட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற் எக்காரணம் கொண்டும் இந்தப் பலகைக்குள் வரக்கூடாது. விளக்குப் பொத்தான்கள் வைத்தாலும் அவை 5 வோல்ற்றில் எரிபவையாகவே இருக்கட்டும், திரையும் மின்வழங்கியும் பெட்டியின் பின்னறையில் மூடியிட்டு அடைக்கப்பட்டு, உலோகப் பாகங்கள் புவிக்கம்பியோடு இணைக்கப்படட்டும், பெட்டி செருகப்படும் சுவர்ப் பிளக் ட்ரிப் சுவிட்ச்சின் காவலுக்குள் இருக்கிறதா என்பதும் சோதிக்கப்படட்டும். பலகையைக் கழற்றி மாட்டப் போவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.