போத்தலில் வந்த மெக்சிக்கோவும் முற்றத்து ஆனைக்கொய்யாவும்

விருந்து மேசையின் நடுவே பச்சை நிறத்தில் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும். அதுவும் மெக்சிக்கோவின் பெயரைத் தாங்கிய போத்தலிலிருந்து வந்திருக்க வேண்டும். நாகரிகத்தின் புதிய இலக்கணம் இது. கொழும்பில் நடந்தால் பேசாதிருந்துவிடலாம். திகனவிலும் அப்படியென்றால் எப்படிப் பொறுப்பது?

விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய இவ்வூர், வீட்டுத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற கண்டிச் சீமையைச் சேர்ந்தது. பலா, மிளகு, கமுகு ஆகியவற்றோடு ஆனைக்கொய்யாவும் அத்தோட்டங்களில் காய்க்கிறது. தமிழக வாசகர்கள் 'பட்டர் புரூட்' என்று அறிந்த அதே பழம். நாமோ அதற்குச் சீனியும் பாலும் தவிர வேறு கதியில்லை என்று தீர்ப்பெழுதிவிட்டோம். மிஞ்சியது மரத்தடியில் அழுகுகிறது. அதன் சாந்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அந்தச் சாந்திலேனும் பழம் இருக்கிறதா? 2006இல் அமெரிக்காவில் கிராஃப்ட் நிறுவனத்தின் 'குவாக்கமோலே'க்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. அதிலிருந்த ஆனைக்கொய்யா 2 சதவீதத்திலும் குறைவு என்பதே குற்றச்சாட்டு. பச்சை நிறம் மட்டும் குறைவின்றி இருந்தது!

குவாக்கமோலே என்பது மெக்சிக்கோவின் ஆதிக்குடிகளது நகுவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஆனைக்கொய்யாக் கூட்டு என்பதே அதன் பொருள். அடுப்பேற்றாத சம்பல்தான், வேறென்ன? மிளகாயும் தக்காளியும்கூட அதே அமெரிக்க மண்ணிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி வந்தவையே. அவற்றுக்குச் சமையலறையில் குடியுரிமை வழங்கிய நாம், இதற்கு மட்டும் ஏன் கடவுச்சீட்டு கேட்கிறோம்?

நேரமில்லை என்பது முதற் சாக்கு. பத்து நிமிடம் போதும். நன்கு கனிந்த பெரிய பழம் ஒன்று, சிறிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, விதை நீக்கிய தக்காளி ஒன்று, ஒரு பிடி கொத்தமல்லி இலை, ஒரு தேசிக்காயின் சாறு, அளவாக உப்பு. பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து, மற்றவற்றைப் பொடியாக அரிந்து கலந்தால் வேலை முடிந்தது. மின்னரைப்பானில் இடாதீர்கள், நம் பழங்கள் பல நீர்ப்பாங்கானவை, கூழாகிவிடும். சூடாக்கினால் கசக்கும். காய் மரத்தில் கனிவதில்லை. பறித்துச் சில நாள் வைத்தபின்பே கனியும் என்பதையும் நினைவிற் கொள்க.

கறுத்துவிடும் என்பது இரண்டாவது சாக்கு. காற்றுப் படுவதால் கறுக்கிறது. தேசிப்புளி அதைத் தாமதப்படுத்தும். சாந்தின் மேற்பரப்போடு ஒட்டும்படி மெல்லிய உறையால் மூடிவையுங்கள். கொட்டையைக் கிண்ணத்தின் நடுவில் புதைத்து வைப்பது வெறும் சடங்கு. அது தான் மறைத்த இடத்தை மட்டுமே காக்கும். தொட்டுண்ண இறக்குமதிப் பொதி எதற்கு? மரவள்ளிப் பொரியலும் அப்பளமும் இருக்கின்றனவே.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோதுதான் திகனவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. அத்தகைய ஊரில் அயலவர் ஒரே மேசையில் அமர்வது சிறிய காரியமன்று. இந்தக் கிண்ணத்தில் இறைச்சியில்லை, பாலில்லை, மதுவில்லை. ஹலால் முத்திரையைத் தேட வேண்டியதில்லை. சைவமா என்று விசாரிக்க வேண்டியதில்லை. சிங்களவரும் முஸ்லிமும் தமிழரும் ஐயமின்றிக் கைவைக்கலாம்.

சம்பல் ஒரு கிண்ணம் சமாதானத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அயல்வீட்டாரை அழைக்க மனமிருப்பவர்கள், அவர்கள் தோட்டத்துப் பழத்தையாவது வாங்கட்டும் என்கிறேன். போத்தலுக்குக் கொடுக்கும் பணம் எங்கோ போகிறது. பழத்துக்குக் கொடுப்பது ஊரிலேயே தங்கும்.