விளக்கும் விலையும் ஓவர்கிளாக் செய்யாது

ஓவர்கிளாக் செய்ய ஆசையா, கடையிலேயே விலை உயர்ந்த மதர்போர்டை வாங்கிவிடு என்கிறார் நண்பர். கடைக்காரர் மகிழ்வார்!

விலைக்கு முன்னால் சிப்செட்டைப் பாருங்கள். இன்டெலில் ‘கே’ ரக பிராசசரின் மல்டிபிளையரை ஏற்ற இசட் வரிசை போர்டு வேண்டும். 2021இல் வந்த பி560 மெமரி வேகத்தைக் கூட்ட விட்டது, பிராசசரைத் தொட விடவில்லை. ஏஎம்டி ரைசனிலோ பி450, பி550, பி650 எல்லாமே அனுமதிக்கின்றன. ஏ320, ஏ520 போன்றவை மறுக்கும். எக்ஸ் வரிசைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கூடுதல் யுஎஸ்பி, எம்.2 இணைப்புகளுக்குத்தான் போகிறது.

பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் சுற்றில் “16 ஃபேஸ்” என்பது நண்பரின் துருப்புச்சீட்டு. டபுளர் சிப் வைத்தால் 8 ஃபேஸைக்கூட 16 என்று பெட்டியில் அச்சடிக்கலாம். ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும்? மேலே இருப்பது கனமான ஹீட்சிங்கா, வெறும் பிளாஸ்டிக் மூடியா? இதை அவர் கேட்கவே இல்லை. விஆர்எம் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிராசசரின் வேகம் தானாகக் குறைக்கப்படும். ஆர்ஜிபி விளக்கு மட்டும் ஜோராக எரியும்.

பயாஸில் வோல்டேஜை ஏற்றுமுன் விஆர்எம் வெப்பநிலையை அளந்து காட்டும் விமர்சனங்களைப் படியுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல கூலர் வாங்குங்கள்.