நம்ம ஊர் ஆள்தானே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்கு ஒரு தாய் வந்தார். பாத்திரம் தேய்க்கும் நான்கு வீடுகளில் இரண்டை அன்று விட்டுவிட்டு வந்திருந்தார். மகளின் செல்பேசியை மேசைமேல் வைத்து, "நீங்களே படிச்சுப் பாருங்கண்ணே. எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ள மூணு நாளா சாப்பிடல" என்றார்.

அந்தச் சிறுமியின் பெயரோ வயதோ குடியிருப்போ இங்கே வராது. அதைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் செய்தி அனுப்பிய மனிதரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கம் பொய்யாகிவிடும். அவர் நமது ஆண்டு விழா மேடையில் சால்வை போர்த்தப்பட்டவர். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கியவர். சால்வை போர்த்திய கைகளில் இதை எழுதுகிறவனின் கையும் ஒன்று. குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தச் செல்பேசியில் படித்ததை மட்டும் நாம் சொல்லுவோம்.

முதல் செய்தி நான்கு மாதங்களுக்கு முந்தியது. பரீட்சை எப்படி எழுதினாய் என்ற விசாரிப்பு, அவ்வளவே. அதில் யார் குற்றம் காண முடியும்? அடுத்து ஐம்பது ரூபாய் ரீசார்ஜ். அடுத்து, வீட்டில் அப்பா குடிக்கிறாரா, அம்மா அடிக்கிறாரா என்ற கேள்வி. பிள்ளை மனம்விட்டு எழுதியிருக்கிறது. எழுத வேறு ஆள் இல்லையே! தகப்பன் இரவு வாட்ச்மேன், பகலில் உறக்கம். தாய் விடியலில் போனால் இருட்டித்தான் வருவாள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் அந்த ஆள் நுழைந்திருக்கிறார். பிறகு, "நாம் பேசுவது உன் அம்மாவுக்குப் புரியாது, சொல்லாதே." பிறகு ஒரு படம் கேட்டார். அது கைக்கு வந்த மறுநாளே தங்கம், செல்லம் எல்லாம் மறைந்து, "அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டல் வந்துவிட்டது.

இதற்கிடையில் அவர் அந்த வீட்டுக்கும் போயிருக்கிறார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க உதவியிருக்கிறார், காப்பி குடித்திருக்கிறார். பெற்றோரை வசப்படுத்தியது பிள்ளையை வசப்படுத்தியதில் பாதி. நாளைக்குப் பிள்ளை வாய் திறந்தாலும் "அவரையா சொல்கிறாய்?" என்று தாயே கேட்கும்படி ஆக்கி வைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். அறியாத ஊரில் நம் பாஷை பேசுகிறவனைக் கண்டால் நெஞ்சு குளிர்கிறது, கதவு திறக்கிறது. சிறுவர் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அறிமுகமான ஆட்களே குற்றம் சாட்டப்படுகிறார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்லுகிறது. ஆனாலும் நாம் பிள்ளைகளிடம் "தெரியாதவன் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

செயற்குழுவில் நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. "சங்கத்தின் பெயர் கெட்டுப் போகும், கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிடலாம்" என்றார் ஒரு மூத்த தோழர். "பெண்ணின் வாழ்க்கை பாழாகும், ஊருக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார் இன்னொருவர். இருவரும் கெட்டவர்களல்லர். ஆனால் ஊருக்கு அனுப்ப வேண்டியது அந்தப் பிள்ளையையா? படிப்பை இழக்க வேண்டியது அவளா? போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என அறிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. கூப்பிட்டுக் கண்டித்துச் சமரசம் பேச எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது. அன்று மாலையே புகார் எழுதிக் கொடுத்தோம்.

பொள்ளாச்சியை நாம் மறந்திருக்க முடியாது. நட்பாகப் பழகி, படமெடுத்து, அதை வைத்தே மிரட்டிய கூட்டம் 2019 பிப்ரவரியில் வெளிப்பட்டது, ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்ததால். அந்த மாணவியின் பெயரை ஒரு போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளரிடம் சொன்ன கேவலமும் நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லிற்று. ஆயினும் வழக்கில் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஆறு வருஷம் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஸ்டேஷனில் புகாரை மராத்தியில் எழுதினார்கள். தாய்க்கு ஒரு வரி புரியவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டினார். சிறுமிக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 19-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. வாக்குமூலத்தைச் சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடையின்றி வந்து பதிய வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. கேட்டால்தான் கிடைக்கிறது, நாம் கேட்டோம். ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். தமிழர் திரளாக வாழும் பகுதிகளின் ஸ்டேஷன்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இருக்க வேண்டும் என்று கமிஷனருக்கு மனு அனுப்பியிருக்கிறோம். ஓட்டுக் கேட்க நம் தெருவுக்குத் தமிழில் நோட்டீஸ் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமாக இருக்கக் கூடாது.

அவசரமென்றால் 1098 என்ற எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பிள்ளைகளே அழைக்கலாம்.

அந்தச் சிறுமி மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். தாய் அன்றைக்கு விட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் வேலை போய்விட்டது. வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் சொல்லலாம். மராத்தியும் தமிழும் நன்கறிந்த பெண்கள் ஸ்டேஷனுக்குத் துணைவர முன்வந்தால் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். ஆண்டு விழாப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டோம்.