பாதிப் பாடத்தைத்தான் நடத்தினேன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. "எல்லாப் புரதங்களின் வடிவத்தையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது, உயிரியலில் இனிமேல் ஆராய்ச்சி செய்ய ஒன்றும் மிச்சமில்லை" என்று. அதை நம்பி, உயிரியல் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணிடம் "வேறு ஏதாவது எடுத்துப் படிம்மா" என்று நம்மில் ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் செய்தி பாதி உண்மை, பாதி பொய். அந்தப் பொய்க்கு என்னைப் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு.

நான் என்ன நடத்தினேன்? அமினோ அமிலச் சங்கிலி மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும், அந்த வடிவம்தான் வேலையைச் செய்யும், வடிவம் கெட்டால் வேலை கெடும் என்று நடத்தினேன். 1894-இல் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவி உவமையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். வடிவம் இல்லாத புரதம் உண்டா என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "சார், முட்டையை வேக வைத்தால் கெட்டியாகிறது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அப்படி ஆகவில்லையே, இரண்டும் புரதம்தானே?" என்று கேட்டான். "பாலில் தண்ணீர் அதிகம், உட்காருடா" என்றேன். தண்ணீர் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது முக்கியமான பதில் இல்லை. முட்டை வெள்ளைக்கருவின் புரதங்கள் உருண்டையாக மடிந்தவை. சூட்டில் அந்த மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகிவிடும். பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அதற்கு நிலையான மடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மடிப்பே இல்லாதபோது சூடு எதை அவிழ்க்கும்? அந்தத் தளர்ச்சியால்தான் அது கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு கன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தம்பி, நீ இதைப் படித்தால், அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னித்துவிடு.

இவ்வளவு நாள் இது ஏன் கண்ணில் படவில்லை? 1958-இல் கென்ட்ரூ மயோகுளோபினின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு காட்டினார். மகத்தான வேலை. 1963-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதற்கு வரைபடம் போட்டார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் எக்ஸ் கதிர் முறைக்குப் புரதம் படிகமாக வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். அசைகிற பகுதி படத்தில் விழாது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் ஆடின பையனின் முகம் மங்கலாகிவிடும் அல்லவா? அதைப் பார்த்து அந்தப் பையன் வகுப்பிலேயே இல்லை என்று நாம் முடிவு கட்டினோம்.

1999-இல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் இதைக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். 2004-இல் வந்த ஒரு கணினி மதிப்பீட்டின்படி, 30 அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் மடியாத பகுதி, நம்மைப் போன்ற உட்கரு உள்ள உயிர்களின் புரதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. பாக்டீரியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கை விதிவிலக்கு என்று எப்படிச் சொல்வது?

"அந்தப் பகுதிகளின் எழுத்து வரிசை பரிணாமத்தில் வேகமாக மாறுகிறது, எனவே அது முக்கியமில்லாத குப்பை" என்று வாதிடுவார்கள். தவறு. மடிந்த புரதத்தின் நடுவில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் கட்டடமே சரியலாம், அதனால் அங்கே மாற்றம் குறைவு. மடியாத பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கேயும் பல இடங்களில் மின்னூட்டம், நீளம், சில எழுத்துகளே கொண்ட ஒட்டும் இடங்கள் ஆகியவை காக்கப்படுகின்றன. காக்கப்படுவது எது என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் எண்ணினால் குப்பையாகத்தான் தெரியும்.

புற்றுநோயைத் தடுக்கும் பி-53 புரதத்தைப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் பிடிக்கும் நடுப்பகுதி மடிந்தது. இரு முனைகளும் தளர்ந்தவை. வால் முனையின் ஒரே துண்டு, ஒரு புரதத்தோடு சேரும்போது சுருளாகிறது, இன்னொன்றோடு சேரும்போது நீட்டிய இழையாகிறது. ஒரே சாவி பல பூட்டுக்குத் தகுந்தபடி வளைகிறது. செல்லுக்குள் செய்தி கடத்த இதைவிட என்ன வசதி வேண்டும்?

"பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்" என்று ஆசிரிய நண்பர்கள் சொல்கிறார்கள். பாலையும் முட்டையையும் வைத்துச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். குழப்பம் நமக்குத்தான்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். ஆல்ஃபாஃபோல்டு உண்மையான சாதனை. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்காகத்தான். ஆனால் அது வரையும் படத்திலேயே, நம்பிக்கை குறைந்த இடங்கள் ஆரஞ்சு நிறத்தில், அவிழ்ந்த நூல் போலத் தொங்கும். அவற்றில் பெரும்பாலானவை மடியாத பகுதிகள். கருவி நேர்மையாகச் சொல்கிறது, நாம்தான் அதை விட்டுவிட்டு ஃபார்வர்டு செய்கிறோம்.

இது வெறும் பாடப் பிரச்சினை இல்லை. பார்கின்சன் நோயில் மூளை செல்களில் கட்டியாகச் சேரும் ஆல்ஃபா சைனூக்ளின், 140 அமினோ அமிலங்கள் கொண்ட தளர்ந்த புரதம். அல்சைமரில் சேரும் டௌ புரதமும் அப்படியே. நிலையான குழி இல்லாத புரதத்துக்கு மருந்து செய்வது மிகக் கடினம். பூட்டு-சாவி மட்டுமே படித்த பிள்ளை அந்த மருந்தைத் தேடப் போகுமா?

இன்று வகுப்பெடுக்கும் என் மாணவர்களே, "எல்லாப் புரதத்துக்கும் நிலையான வடிவம் தேவையில்லை" என்று ஒரு பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். உறவுகளே, அந்தப் பெண்ணை உயிரியல் படிக்க விடுங்கள். வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்