ஹோம் தியேட்டர் ஆசையா? முதல்ல ரெண்டே ரெண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்க, அதோட நிறுத்துங்க!

அப்ரைசல் முடிஞ்சு போனஸ் கைக்கு வர்ற மாசம் வந்துட்டா, நமக்கு தவறாம வர்ற ஒரு கேள்வி இருக்கு. "ப்ரோ, சம்பளம் 65,000 வருது. பெரிய டிவி வாங்கியாச்சு. ஒன்றரை லட்சத்துல நல்ல 5.1 ஹோம் தியேட்டர் ஒண்ணு, நோ காஸ்ட் இஎம்ஐல எடுக்கலாமா?"

பெரும்பாலும் இதுக்கு என்ன பதில் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். "ஒரு லட்சத்தை 12 சதவீத வருமானத்துல 25 வருஷம் விட்டா 17 லட்சம் ஆகும். ஸ்பீக்கர் வாங்குறவன் 17 லட்சத்தை தொலைக்கிறான்!" கணக்கு சரிதான். ஆனா இதே கணக்கை கல்யாண மோதிரத்துக்கும் போடலாம், அம்மாவுக்கு எடுக்கிற பட்டுப்புடவைக்கும் போடலாம். எதை எடுத்தாலும் 'வேண்டாம்'னு சொல்ற கணக்கை வெச்சுக்கிட்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால என் கருத்தை நேரடியா சொல்லிடுறேன். பாட்டும் படமும் உங்க வாழ்க்கையில உண்மையிலேயே பெரிய இடம் பிடிச்சிருந்தா, நல்ல ஸ்பீக்கர் வாங்குறதுல தப்பே இல்லை. ஆனா 5.1 செட்டா வாங்காதீங்க. வாடகை வீட்டில் இருக்கிற வரைக்கும் ரெண்டு தரமான ஸ்பீக்கர், அதை ஓட்ட ஒரு நியாயமான ஆம்ப்ளிஃபயர், இவ்வளவு போதும். அதுவும் இஎம்ஐ இல்லாம. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒன்றரை லட்சம் ஏழு பெட்டியா பிரியும்போது

5.1னா அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். இதையெல்லாம் இயக்க ஒரு ஏவி ரிசீவர். மொத்தம் ஏழு பெட்டி. ரிசீவருக்கு 50,000, சப்வூஃபருக்கு 30,000 ஒதுக்கினா மிச்சம் 70,000. அதை அஞ்சா பிரிச்சா ஒரு ஸ்பீக்கருக்கு 14,000. அதாவது, நீங்க எப்பவும் கேட்கப் போற முன்பக்க ஜோடிக்கு வெறும் 28,000. ஒன்றரை லட்சம் செலவு பண்ணியும், முக்கியமான இடத்துல ஆரம்பநிலை ஸ்பீக்கர்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்ப உங்க ஒரு வாரத்தை யோசிச்சுப் பாருங்க. படம் எத்தனை மணி நேரம், பாட்டு எத்தனை மணி நேரம்? ஸ்ட்ரீமிங் ஆப்ல நாம கேட்கிற பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோ, அதாவது ரெண்டே சேனல். இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' கேட்கணும்னா அதுக்குத் தேவை நல்ல ரெண்டு ஸ்பீக்கர்தான். பின்னாடி ரெண்டு பெட்டி வெச்சா வயலின் கூடுதலா இனிக்காது.

படத்துலயும் பின்பக்க ஸ்பீக்கருக்கு வேலை குறைவு. மழை, கூட்டத்தோட சலசலப்பு, தலைக்கு மேல போற ஹெலிகாப்டர், இந்த மாதிரி விஷயங்கள்தான் அங்க வரும். வசனம் வர்றது நடுவில் இருக்கிற சென்டர் சேனல்ல. ரெண்டு ஸ்பீக்கரை சரியான இடத்துல வெச்சு நீங்க நடுவுல உட்கார்ந்தா, வசனம் டிவிக்கு நடுவிலிருந்தே வர்ற மாதிரி கேட்கும். ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அஞ்சு பேர் வரிசையா உட்கார்ந்து பார்க்கிற வீடுன்னா, ஓரத்துல இருக்கிறவருக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரி தோணும். அங்கே சென்டர் ஸ்பீக்கர் நிஜமாவே உதவும். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

வாட் கணக்குல ஏமாறாதீங்க

பெட்டி மேல "5000 வாட் பிஎம்பிஓ"ன்னு எழுதியிருந்தா அதைக் கண்டுக்காதீங்க. அதுக்கு ஒழுங்கான அளவுகோலே கிடையாது. ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு, ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி எவ்வளவு, இந்த ரெண்டை மட்டும் கேளுங்க.

உதாரணத்துக்கு 87 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 87 டெசிபல் சத்தம் தரும். உங்க சோஃபா இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தா சுமார் 8 டெசிபல் குறையும். அப்பவும் 79. நாம சாதாரணமா பேசிக்கிறது 60 டெசிபல் பக்கம்தான். அதாவது, தினசரி கேட்கிற சத்தத்துக்கு ஒரு வாட்டே தாராளம்! 50 வாட் கொடுத்தா 96 டெசிபல் வரைக்கும் போகும். திடீர்னு வர்ற பறை அடிக்கும் வெடிச் சத்தத்துக்கும் அந்த இடைவெளி போதும்.

50 வாட்ல இருந்து 100 வாட்டுக்கு போனா கூடுறது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்'னு தோண சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்கு பத்து மடங்கு வாட் வேணும். அதனால வாட்டை ஏத்துறதுக்காக கூடுதலா 20,000 கொடுக்கிறது வீண்.

இன்னொண்ணு. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10 மணிக்கு மேல அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். சப்வூஃபரோட பேஸ் சுவரைத் தாண்டிப் போய் மேல் வீட்டு அங்கிளை எழுப்பும். ஆபீஸ் முடிஞ்சு வந்து நாம படம் போடுறதே ராத்திரி ஒன்பதரைக்குத்தான். முழு சத்தத்துல ஓட்ட முடியாத சிஸ்டத்துக்கு முழு விலை எதுக்கு?

ரூம் உங்களோடது இல்லை

ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கும்கிறதை பாதிக்கு மேல ரூம்தான் தீர்மானிக்குது, குறிப்பா பேஸ் விஷயத்துல. 12 அடி நீள ரூமை எடுத்துக்கோங்க. 47 ஹெர்ட்ஸ் பக்கத்துல வர்ற பேஸ் அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல மோதி மோதித் தேங்கும். சுவரோரம் உட்கார்ந்தா குமுறும். ரூம் நடுவுல உட்கார்ந்தா காணாமலே போகும். இது ஸ்பீக்கரோட குறை இல்லை, சுவருக்கு இடையில் இருக்கிற தூரம் பண்ற வேலை. அடுத்த வீடு 14 அடியா இருந்தா இந்தக் கதையே மாறிடும்.

நம்ம ஊர் ஃபிளாட்ல இன்னொரு தலைவலி: டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கை தட்டினாலே எதிரொலிக்கும். இப்படி ஒரு ஹாலில் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் கூசுற மாதிரிதான் ஒலிக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல தரையில ஒரு தடிமனான கம்பளம், ஜன்னலுக்கு கனமான திரை, ஒரு பக்கச் சுவர்ல புத்தக அலமாரி. இவ்வளவு செஞ்சாலே வித்தியாசம் தெரியும். வீடு மாறும்போது அத்தனையும் கூடவே வரும்.

5.1 அப்படி இல்லை. பின்பக்க ஸ்பீக்கருக்கு சுவர்ல துளை போடணும், ஒயர் இழுக்கணும். 11 மாச அக்ரிமென்ட் வீட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார். அடுத்த வீட்டு ஹால் ஒரு பக்கம் திறந்து டைனிங்கோட சேர்ந்திருந்தா, அந்த ஸ்பீக்கரை மாட்ட சுவரே இருக்காது.

கண்ணால கேட்காதீங்க

ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள், ஹார்மன் நிறுவனத்தில் இருந்தப்ப 1994ல் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஒரே ஸ்பீக்கர்களை முதல்ல திரைக்குப் பின்னாடி மறைச்சும், அப்புறம் கண்ணுக்குத் தெரியிற மாதிரியும் வெச்சு மார்க் போடச் சொன்னாங்க. கண்ணால பார்த்ததும் பெரிய, விலை கூடின பெட்டிகளுக்கு மார்க் ஏறிடுச்சு. மறைச்சு வெச்சப்ப நல்ல மார்க் வாங்கின சின்ன, விலை குறைஞ்ச சிஸ்டத்துக்கு மார்க் இறங்கிடுச்சு. மார்க் போட்டவங்க அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவங்க!

ஷோரூம்ல நமக்கும் இதுதான் நடக்குது. அதனால ரெண்டு மூணு விஷயம் பழகுங்க. உங்களுக்கு மனப்பாடமான மூணு பாட்டை எடுத்துட்டுப் போங்க, அவங்க போடுற டெமோ பாட்டு வேண்டாம். ஒரு ஸ்பீக்கரை விட இன்னொண்ணு கொஞ்சம் சத்தமா ஒலிச்சாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும். அதனால ரெண்டையும் ஒரே சத்தத்துல வெக்கச் சொல்லுங்க. முடிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு, ஃப்ரெண்டை மாத்தி மாத்தி போடச் சொல்லி கேளுங்க. விலையை கடைசியா கேளுங்க.

எது பழசாகும், எது ஆகாது?

ஃபைனான்ஸ் கண்ணோட பார்த்தா இதுதான் முக்கியமான பாயின்ட். டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவருக்கு வந்தது 2014ல். அதுக்கு முன்னாடி எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ரிசீவரும் அன்னிக்கு பழசாயிடுச்சு. 2017ல் எச்டிஎம்ஐ 2.1 தரம் வந்துச்சு, அடுத்த தலைமுறையும் பழசாச்சு. ரிசீவர் ஒரு வகையில கம்ப்யூட்டர் மாதிரி. போன் போல விலை இறங்கும்.

பாஸிவ் ஸ்பீக்கருக்கு அந்தக் கவலை இல்லை. ரெண்டு ஒயர், அவ்வளவுதான். பிபிசி 1970களில் தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைச்ச எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கரை இன்னிக்கும் தேடி வாங்குறாங்க. ஒயர் மாறல, காதும் மாறல. அதனால காசை ஸ்பீக்கர்ல போடுங்க, எலெக்ட்ரானிக்ஸ்ல குறைங்க.

செகண்ட் ஹேண்டும் நல்ல வழிதான். ஒரே எச்சரிக்கை: கூம்பைச் சுத்தி இருக்கிற வளையம் ஃபோமா ரப்பரான்னு பாருங்க. சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல ஃபோம் சில வருஷத்துல பொடிஞ்சிடும். ரப்பர் ரொம்ப காலம் தாங்கும்.

'நோ காஸ்ட்'டோட காஸ்ட்

1,50,000 ரூபாய், 12 மாசம், மாசம் 12,500. பேங்க் இதை 15 சதவீத வட்டிக் கடனா எழுதினா, அதுல வட்டி மட்டும் சுமார் 11,500. அந்த வட்டியைத்தான் கடைக்காரர் 'டிஸ்கவுன்ட்'னு முன்னாடியே கழிச்சுக் காட்டுறார். ஆனா வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 2,070 ரூபாய், உங்க கார்டுலதான் ஏறும். பிராசஸிங் ஃபீ தனி. இதுல பெரிய இழப்பு எதுன்னா, மொத்த பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு பேரம் பேசி வாங்கியிருக்கக்கூடிய தள்ளுபடி. அது போயே போச்சு.

65,000 சம்பளத்துல 12,500ங்கிறது 19 சதவீதம். நடுவுல வேலை போனா சம்பளம் நிற்கும், இஎம்ஐ நிற்காது.

அதுக்கு பதிலா மாசம் 8,000 ஒரு ஆர்டில போடுங்க. 6.5 சதவீத வட்டின்னு வெச்சாலும் ஒரு வருஷத்துல 99,000க்கு மேல சேர்ந்திடும். ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டு, ஹெல்த் இன்சூரன்ஸ், கார்டு பாக்கி பூஜ்யம், இந்த மூணும் சரியா இருந்தா மட்டும் இந்த ஆர்டியை ஆரம்பிங்க. ஒரு வருஷம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா, அது நிஜமான ஆசை.

ஒரு லட்சத்தை எப்படிப் பிரிக்கலாம்?

- ஸ்பீக்கர் ஜோடி (புக்ஷெல்ஃப் வகை): 55,000
- ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: 30,000
- ஸ்டாண்டு: 7,000
- கம்பளம், திரை: 6,000
- செம்பு ஒயர்: 2,000

ஆம்ப்ளிஃபயர்ல டிவியை இணைக்க எச்டிஎம்ஐ ஏஆர்சி, பின்னாடி சப்வூஃபர் சேர்க்க ஒரு அவுட்புட், ரெண்டும் இருக்கான்னு பாருங்க. ட்வீட்டர் உங்க காது உயரத்துக்கு இருக்கணும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் இடையில இருக்கிற தூரமும், ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கும் இருக்கிற தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கட்டும். அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயர் வேண்டாம், முழு செம்பு வாங்குங்க. அதே சமயம் ஆயிரக்கணக்குல விலை சொல்ற 'ஆடியோஃபைல்' ஒயரும் வேண்டாம்.

கடைசியா ஒரு கணக்கு. தினம் ஒரு மணி நேரம் பாட்டு கேட்டா பத்து வருஷத்துல 3,650 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 27 ரூபாய். இதை விட மலிவான சந்தோஷம் கிடைக்கிறது கஷ்டம். மாசத்துக்கு ஒரு படம் மட்டும்தான்னா 300 மணி நேரம், மணிக்கு 333 ரூபாய். அப்ப பேசாம தியேட்டருக்கே போயிடலாம்!

சொந்த வீடு, தனி ரூம், வாரத்துக்கு மூணு நாலு படம்னு வாழ்க்கை மாறினா, அப்ப சென்டர், சப்வூஃபர், பின்பக்கம்னு சேர்த்துக்கோங்க. இந்த ரெண்டு ஸ்பீக்கரே அன்னிக்கும் முன்பக்க ஜோடியா நிற்கும், ஒரு ரூபாயும் வீணாகாது.

உங்க ஹால் எத்தனை அடிக்கு எத்தனை அடி, ஒரு வாரத்துல எத்தனை மணி நேரம் கேட்பீங்கன்னு கமெண்ட்ல போடுங்க. பட்ஜெட்டை அதுக்கப்புறம் பேசலாம்.